குறைவாகக் கேளுங்கள்: ரஸ்ட்டில் ஜெனரிக்ஸும் டிரெய்ட்டும் பழகுவது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ரஸ்ட் பத்திப் பேசலாம். குறிப்பா, ஜெனரிக்ஸ், டிரெய்ட் ரெண்டையும் எப்படிப் பழகுறதுன்னு. அது என்னன்னு விளக்க இணையத்துல நிறைய வீடியோ இருக்கு. கையில வர்ற மாதிரி எப்படிப் பழகுறதுங்கறதுதான் இந்த எபிசோட்.

ரஸ்ட் கத்துக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் ஒரே இடத்துல நின்னுடறதை நான் பார்க்கிறேன். ஓனர்ஷிப், பாரோயிங் ரெண்டையும் எப்படியோ தாண்டிடுவாங்க. அப்புறம் ரஸ்ட்டின் அதிகாரபூர்வப் புத்தகத்தில் 10ஆம் அத்தியாயம் வரும். ஜெனரிக்ஸ், டிரெய்ட், லைஃப்டைம் மூன்றும் ஒரே அத்தியாயம். வாசிக்கும்போது எல்லாம் புரியுது. எடிட்டரைத் திறந்து சொந்தமா ஒரு ஃபங்ஷன் எழுதினா, பாதித் திரைக்குச் சிவப்புக் கோடு.

இதுக்கப்புறம் ரெண்டு வழியில ஒண்ணுல போறாங்க. ஒண்ணு, "நமக்கு இதெல்லாம் வராதுப்பா"ன்னு விட்டுடறது. இன்னொண்ணு, எர்ரரை அப்படியே ஏஐகிட்ட கொடுத்து, அது சொல்றதை அப்படியே ஒட்டறது. டி-க்குப் பக்கத்துல க்ளோன் போடு, காப்பி போடு, டீபக் போடு, ஸ்டாட்டிக் போடு. கம்பைல் ஆயிடும். முடிஞ்சது.

ரெண்டாவது வழிதான் எனக்குக் கவலையா இருக்கு. முதல் ஆளுக்குத் தனக்கு வரலைன்னாவது தெரியும். ரெண்டாவது ஆள் எழுதின கோட் ஓடும். ஆனா ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு விலை இருக்கு, அந்த விலையைக் கொடுக்கப் போறது அந்த ஃபங்ஷனை நாளைக்குக் கூப்பிடப் போற வேற யாரோ. டீம்ல இருக்கிற இன்னொருத்தர். இல்லைன்னா ஆறு மாசம் கழிச்சு நீங்களே.

அதனால இன்னைக்கு நான் சொல்லப்போறது ஒரே விஷயம். ஜெனரிக்ஸ் பழகுவது என்பது, எவ்வளவு குறைவாகக் கேட்டு ஒரு வேலையை முடிக்கலாம் என்று பழகுவது. ஏன்னு பார்க்கலாம்.

ஆள் தேவை

ஒரு வேலை விளம்பரத்தை நினைச்சுக்கோங்க. "டெலிவரி வேலைக்கு ஆள் தேவை. யார் வேணா வரலாம். டூ-வீலர் லைசென்ஸ் இருக்கணும்." அவ்வளவுதான்.

இதுல "யார் வேணா" அப்படிங்கறதுதான் ஜெனரிக் டைப், அதாவது நாம டி-ன்னு எழுதறது. "டூ-வீலர் லைசென்ஸ்" என்பது டிரெய்ட். "இருக்கணும்" என்பது டிரெய்ட் பவுண்ட். வர்றவர் யாரு, எந்த ஊரு, என்ன படிச்சாரு, எதுவும் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். லைசென்ஸ் இருக்கு, வண்டி ஓட்டுவாரு. அது போதும்.

இப்போ வேலைக்கு வந்த ஆள்கிட்ட, "தம்பி, அந்த லாரியைக் கொஞ்சம் எடுத்துட்டு வா"ன்னு சொன்னா? விளம்பரத்துல அது இல்லையே. ரஸ்ட் கம்பைலர் இங்கேதான் தடுக்கும். அதுவும் எப்போ? ஆள் வந்தப்புறம் இல்லை. விளம்பரத்தையும் வேலை விவரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்து, "நீ கேட்காத ஒன்றை உள்ளே பயன்படுத்துகிறாய்" என்று அப்போதே சொல்லிவிடும். அந்த ஃபங்ஷனை இன்னும் ஒருத்தர்கூடக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

மற்ற மொழிகளோட ஒப்பிட்டுப் பார்த்தா இது எவ்வளவு வித்தியாசம்னு தெரியும். பைத்தான்ல விளம்பரமே கிடையாது. யார் வேணா வரலாம், லாரிச் சாவியைக் கையில கொடுக்கும்போதுதான், அதாவது ப்ரோக்ராம் ஓடும்போதுதான், தெரியும். சி++ டெம்ப்ளேட்ல கம்பைல் நேரத்திலேயே தெரிஞ்சிடும், ஆனா ஆள் வந்து சேர்ந்த பிறகு. அதாவது, ஒரு குறிப்பிட்ட டைப்போட அந்த டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும்போதுதான் உள்ளே இருக்கிற சிக்கல் வெளியே வரும். அதனாலதான் அந்தப் பக்கம் எர்ரர் மெசேஜ் பக்கம் பக்கமா வருது. சி++20-ல கான்செப்ட்ஸ் வந்த பிறகு விளம்பரத்துல நிபந்தனை போட முடியுது. ஆனாலும் உள்ளே அந்த நிபந்தனைக்கு மேல கேட்கிறோமா என்று அது சரிபார்ப்பதில்லை. ரஸ்ட் ரெண்டு பக்கமும் சரிபார்க்கும். வர்றவருக்கு லைசென்ஸ் இருக்கா? நீங்க லைசென்ஸுக்கு மேல வேலை வாங்குறீங்களா?

இந்த யோசனை ரஸ்ட்டோட கண்டுபிடிப்பு கிடையாது. 1989-ல ஃபிலிப் வாட்லரும் ஸ்டீஃபன் ப்ளாட்டும் டைப் கிளாஸ் என்ற கருத்தை ஒரு கட்டுரையா எழுதினாங்க. அது ஹாஸ்கெல் மொழிக்குள்ள போச்சு. 2015 மே மாதம் ரஸ்ட் 1.0 வந்தபோது, அதே வம்சத்தில் வந்ததுதான் டிரெய்ட். ஜாவா தெரிஞ்சவங்க "இது இன்டர்ஃபேஸ்தானே?"ன்னு கேட்பீங்க. பாதி சரி. ஜாவாவில் ஒரு கிளாஸை எழுதும்போதே எந்த இன்டர்ஃபேஸ் என்று சொல்லியாகணும். ரஸ்ட்டில் ஏற்கெனவே இருக்கிற டைப்புக்கு, ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கும் வெக்டருக்குக்கூட, நீங்க நேத்து எழுதின டிரெய்ட்டை இன்னைக்கு மாட்டலாம். இது பின்னாடி உதவும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதலில் இரண்டு தடவை எழுதுங்கள்

சரி, பயிற்சிக்கு வருவோம். கோடை வாயாலேயே சொல்றேன், வீட்டுக்குப் போய் டைப் பண்ணிப் பாருங்க.

என் முதல் விதி: நேரடியா டி போட்டு ஆரம்பிக்காதீங்க. ஒரு குறிப்பிட்ட டைப்புக்கு எழுதுங்க. அப்புறம் வேற ஒரு டைப்புக்கு அதையே திரும்ப எழுதுங்க. மூணாவது தடவை டி.

உதாரணம். ஒரு மாசம் நீங்க கேட்ட பாட்டுகளோட பட்டியல் இருக்கு. ஒவ்வொரு பாட்டும் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு எண்ணணும். முதல் வடிவத்தில் பாட்டுக்கு ஒரு எண், யூ32. ஃபங்ஷன் உள்ளே யூ32 ஸ்லைஸ் வாங்கும், வெளியே ஹேஷ்மேப் கொடுக்கும். பட்டியலில் ஒவ்வொன்றாகப் போய், மேப்பில் அதற்கு என்ட்ரி எடுத்து, இல்லையென்றால் 0 வைத்து, 1 கூட்டும். நாலைஞ்சு வரி. பட்டியலில் கிடைப்பது ரெஃபரன்ஸ், அதனால் முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டு எண்ணை எடுத்து என்ட்ரிக்குக் கொடுப்பீங்க. கம்பைல் ஆகும்.

ரெண்டாவது வடிவத்தில் பாட்டுக்குப் பெயர், ஸ்ட்ரிங். அதே நாலைஞ்சு வரியைக் காப்பி பண்ணி டைப்பை மட்டும் மாத்துங்க. இப்போ அந்த நட்சத்திரக் குறி வேலை செய்யாது. ஸ்ட்ரிங்கைப் பட்டியலில் இருந்து பிடுங்கி எடுக்க முடியாது, அது இரவல் பொருள். பெரும்பாலானவங்க க்ளோன் போட்டு முடிப்பாங்க.

இப்போ ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எல்லா வரியும் ஒண்ணு, ஒரே ஒரு இடம் மட்டும் வேற. அந்த இடம்தான் முக்கியம். ஜெனரிக் வடிவத்தில் எந்த பவுண்டைக் கேட்கப் போகிறோம் என்ற முடிவு அந்த ஒரு இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நேரடியாக டி-யில் ஆரம்பித்தால் இது கண்ணுக்கே படாது. ரெண்டு தடவை எழுதறது நேர விரயம் இல்லை, அதுதான் பயிற்சி.

சிவப்புக் கோடு என்ன சொல்கிறது

இப்போ மூணாவது வடிவம். யூ32 இருந்த இடத்துல எல்லாம் டி. பவுண்ட் எதுவும் போடாதீங்க. வேணும்னே போடாதீங்க.

முதல் எர்ரர், ஈ0599. என்ட்ரி என்ற மெத்தட் ஹேஷ்மேப்பில் இருக்கிறது, ஆனால் அதன் டிரெய்ட் பவுண்டுகள் நிறைவேறவில்லை என்று சொல்லும். கீழேயே ரெண்டு பேர் இருக்கும்: ஈக்யூ, ஹேஷ். அதாவது டி-யை ரெண்டும் சமமா என்று ஒப்பிட முடியணும், அதிலிருந்து ஒரு ஹேஷ் எண் கணக்கிட முடியணும்.

இதைத் திட்டா எடுத்துக்காதீங்க. விளம்பரத்துல எழுத மறந்த தகுதிகளோட பட்டியலை யாரோ உட்கார்ந்து உங்களுக்காகத் தயார் பண்ணிக் கொடுத்த மாதிரி எடுத்துக்கோங்க. ஒவ்வொரு பேரையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்க: "இது நிஜமாவே இந்த வேலைக்கு வேணுமா?" எண்ணுறதுக்கு ஒப்பிட்டுத்தான் ஆகணும். ஹேஷ்மேப் வேணும்னா ஹேஷ் வேணும். நியாயம். ரெண்டையும் சேருங்க.

கவனிச்சீங்களா, எர்ரர் வந்தது என்ட்ரி எடுக்கிற வரியில. காலி ஹேஷ்மேப்பை உருவாக்குற வரியில வரலை. ஏன்னா ஹேஷ்மேப் என்ற ஸ்ட்ரக்ட் தன் டெஃபனிஷனில் சாவியிடம் எதையும் கேட்பதில்லை. உள்ளே போடும்போதும் தேடும்போதும் மட்டும்தான் கேட்கிறது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியே தேவைப்படும் இடத்தில் மட்டும் கேட்கும் பழக்கத்தில் இருக்கு. நீங்களும் பவுண்டை ஸ்ட்ரக்ட் மேல ஒட்டாதீங்க, அதைப் பயன்படுத்துற இம்ப்ல் பிளாக்ல ஒட்டுங்க.

அந்த எர்ரர் போனதும் அடுத்தது வரும், ஈ0507. நட்சத்திரக் குறி போட்ட இடத்தில், இரவல் பொருளை எடுத்துக்கொண்டு போக முடியாது என்று. இங்கேதான் மூணு பாதை பிரியுது.

பாதை ஒண்ணு: காப்பி பவுண்ட். எர்ரர் போயிடும். ஆனா ஸ்ட்ரிங் காப்பி டைப் இல்லை. அதாவது பாட்டுப் பெயர்களை எண்ண முடியாது. ரெண்டாவது வடிவத்துக்கு ஆசைப்பட்டுத்தானே ஜெனரிக் எழுதினோம், அதையே வெளியே தள்ளிட்டோம்.

பாதை ரெண்டு: க்ளோன் பவுண்ட். ஸ்ட்ரிங் உள்ளே வரும். ஆனா பட்டியலில் 10 லட்சம் வரி இருந்தா, ஒரே பாட்டு ஆயிரம் தடவை வந்திருந்தாலும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயருக்குப் புதுசா மெமரி ஒதுக்கிப் பிரதி எடுக்கும். அதில் பெரும்பாலானவை உடனே தூக்கி எறியப்படும்.

பாதை மூணு: எதுவும் கேட்காதீங்க. நட்சத்திரக் குறியை எடுத்துட்டு ரெஃபரன்ஸையே சாவியா வெச்சுக்கோங்க. வெளியே கொடுக்கிற மேப்பின் சாவி டி இல்லை, டி-யின் ரெஃபரன்ஸ். டி-க்கு ஈக்யூவும் ஹேஷும் இருந்தால் அதன் ரெஃபரன்ஸுக்கும் தானாகவே இருக்கும். பவுண்ட் ரெண்டோட நின்னுடுச்சு. பிரதி எடுக்கத் தெரியாத டைப்பும் இப்போ உள்ளே வரலாம்.

இதுக்கு ஒரு விலை இருக்கு, மறைக்க மாட்டேன். பட்டியல் உயிரோட இருக்கிற வரைக்கும்தான் அந்த மேப்பும் இருக்க முடியும். சில சமயம் அது ஒத்துவராது, மேப்பை வேற எங்கேயோ அனுப்பணும், அப்போ க்ளோன்தான் சரியான பதில். க்ளோன் போடறது குற்றம் இல்லை. மூணு பாதை இருக்குன்னு பார்த்துட்டு அதைத் தேர்ந்தெடுக்கறது வேற, சிவப்புக் கோடு போகட்டும்னு ஒட்டறது வேற. எர்ரர் மெசேஜ் சொல்றது இந்த வரி கம்பைல் ஆக என்ன வேணும்னு மட்டும்தான். குறைவா எதைக் கேட்கலாம்னு யோசிக்கறது உங்க வேலை.

ஈக்யூ என்கிற வாக்குறுதி

இப்போ அந்த ஃபங்ஷனை ஒரு புது ஆள் கூப்பிடட்டும். பாட்டுக்குப் பதிலா ரேட்டிங். 4.5, 3.0, 4.5. எத்தனை பேர் 4.5 கொடுத்தாங்கன்னு எண்ணணும். டைப் எஃப்64. கம்பைலர் விடாது. ஈ0277: எஃப்64-க்கு ஈக்யூ கிடையாது, ஹேஷும் கிடையாது.

நிறைய பேருக்கு இங்கே கோபம் வரும். ரெண்டு தசம எண் சமமான்னு பார்க்க முடியாதா? பார்க்கலாம். எஃப்64-க்கு பார்ஷியல்ஈக்யூ இருக்கு, இரட்டைச் சமக்குறி வேலை செய்யும். இல்லாதது ஈக்யூ. அந்த ஈக்யூ டிரெய்ட்டுக்குள்ள நீங்க எழுத வேண்டிய மெத்தட் ஒண்ணுகூட இல்லை. அது வெறும் வாக்குறுதி: "இந்த டைப்பில் எந்த மதிப்பும் தனக்குத் தானே சமம்."

எஃப்64 இந்த வாக்குறுதியைக் கொடுக்க முடியாது. 0.0-ஐ 0.0-ஆல் வகுத்தால் வருவது 'நாட் எ நம்பர்'. சுருக்கமா எழுதினா தமிழ்ல "நான்"னு வரும், குழப்பம், அதனால முழுசா சொல்றேன். மிதவைப் புள்ளி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரப்படி, நாட் எ நம்பர் தனக்குத் தானே சமம் இல்லை. அதைச் சாவியா உள்ளே போட்டா, திரும்பத் தேடும்போது கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் புதுச் சாவியா சேரும். பல மொழிகளில் இந்த பக் அமைதியா உள்ளே உட்கார்ந்திருக்கும். இங்கே உங்க ஃபங்ஷன் கேட்ட ரெண்டே தகுதியால அது வாசல்லயே நிக்குது.

அப்போ ரேட்டிங்கை எப்படி எண்ணுறது? பவுண்டைத் தளர்த்தி இல்லை. டேட்டாவை மாத்தி. அரை நட்சத்திரத்தை ஒரு அலகா வெச்சா 4.5 என்பது 9, முழு எண். பணக்கணக்கில் ரூபாயைப் பைசாவா வெச்சுக்கறோமே, அதே யோசனை. ஒரு பவுண்ட் எர்ரர் சில சமயம் உங்க கோடைப் பத்திப் பேசறதில்லை, உங்க டேட்டாவைப் பத்திப் பேசுது.

சொந்தமாக ஒரு டிரெய்ட்

இதுவரை மற்றவங்க எழுதின டிரெய்ட். இப்போ சொந்தமா ஒண்ணு. பேரு 'நீளம்'. 2021 ஜூனில் வந்த ரஸ்ட் 1.53-ல இருந்து டிரெய்ட், ஃபங்ஷன், வேரியபிள் பேரைத் தமிழ் எழுத்துலேயே வைக்கலாம், அதனால இதை நிஜமாவே இப்படியே எழுதிப் பார்க்கலாம். ஆபீஸ் கோடில் வேண்டாம், பயிற்சிக்கு நல்லா இருக்கும்.

டிரெய்ட்டுக்குள்ள ஒரு கட்டாய மெத்தட்: எத்தனை வினாடி. ஒரு டீஃபால்ட் மெத்தட்: அந்த வினாடியை வெச்சு "4:05" மாதிரி நிமிடமும் வினாடியுமா ஸ்ட்ரிங் கொடுக்கறது. பாட்டுக்கு ஒரு ஸ்ட்ரக்ட், பாட்காஸ்ட் எபிசோடுக்கு ஒரு ஸ்ட்ரக்ட். ரெண்டுக்கும் வினாடி மெத்தடை மட்டும் எழுதுங்க, "4:05" இலவசமா வரும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் இட்டரேட்டரும் இதே வேலைதான் செய்யுது. நெக்ஸ்ட் என்ற ஒரே மெத்தடை நீங்க எழுதினா மேப், ஃபில்டர், சம், ஜிப்னு டஜன் கணக்கில் மெத்தடுகள் கூடவே வரும். கட்டாயமா கேட்கிறது ஒண்ணு, திருப்பிக் கொடுக்கிறது நிறைய. நல்ல டிரெய்ட்டுக்கு அடையாளம் அது.

இப்போ எனக்குப் பிடிச்ச பயிற்சி. ப்ளேலிஸ்ட்டுக்கு நீளம் வேணும். ப்ளேலிஸ்ட் என்பது வெக்டர். ஒரே ஒரு இம்ப்ல் எழுதுங்க: "டி-க்கு நீளம் இருந்தால், டி-களின் வெக்டருக்கும் நீளம் உண்டு." உள்ளே எல்லாத்தையும் கூட்டணும், அவ்வளவுதான். இப்போ பாட்டுகளின் வெக்டருக்கு நீளம் உண்டு. சரி, அந்த வெக்டர்களின் வெக்டருக்கு? பத்து ப்ளேலிஸ்ட் சேர்ந்த ஒரு ஃபோல்டர்? அதுக்கும் உண்டு, நீங்க ஒரு வரிகூடக் கூடுதலா எழுதாம. எத்தனை அடுக்கு போனாலும் வேலை செய்யும். இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. டிரெய்ட் என்பது லேபிள் இல்லை, ஒண்ணுல இருந்து இன்னொண்ணு பிறக்கிற விதின்னு அப்போ புரியும்.

அதே உற்சாகத்துல, வெக்டருக்கு டிஸ்ப்ளே டிரெய்ட்டை எழுதலாம்னு போனா ஈ0117 வரும். டிரெய்ட், டைப் ரெண்டுல ஒண்ணாவது உங்க க்ரேட்டில் பிறந்திருக்கணும். வெக்டரும் வேற வீடு, டிஸ்ப்ளேயும் வேற வீடு. இதை ஏன் தடுக்கறாங்க? ரெண்டு லைப்ரரி ஆளுக்கொரு விதமா வெக்டருக்கு டிஸ்ப்ளே எழுதி, உங்க ப்ராஜெக்ட் ரெண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினா எதை எடுக்கறது? அந்தச் சண்டையே வராம இருக்கத்தான் இந்த விதி. வெக்டரை உங்க சொந்த ஸ்ட்ரக்ட்டுக்குள்ள வெச்சுச் சுத்திட்டா, டைப் உங்க வீடு, பிரச்சினை தீர்ந்தது.

கலந்த வரிசை

ஒரு கேள்வி உங்க மனசுல வந்திருக்கும். பாட்டும் எபிசோடும் கலந்த ஒரு வரிசை வேணும்னா? ஜெனரிக் வெக்டரில் டி என்பது ஒரு நேரத்துல ஒரே டைப். பாட்டுன்னா எல்லாம் பாட்டு.

ஜெனரிக் என்பது டெய்லர் கடை மாதிரி. ஒவ்வொரு டைப்புக்கும் கம்பைலர் தனித்தனியா அளவெடுத்து ஒரு ஃபங்ஷன் தைக்கும். இதுக்கு மோனோமார்ஃபைசேஷன்னு பேரு. போட்டுக்கும்போது கச்சிதம், ஓடும்போது வேகம். ஆனா தைக்க நேரம் ஆகும், பைனரியும் பெருக்கும். இன்னொரு வழி டைன் டிரெய்ட். பாக்ஸுக்குள்ள "நீளம் தெரிஞ்ச ஏதோ ஒண்ணு"ன்னு மட்டும் வெச்சுக்கறது. அந்த பாயின்டருக்கு 64 பிட் மெஷினில் 16 பைட்: பாதி டேட்டா இருக்கும் இடம், பாதி எந்த மெத்தட் எங்கே இருக்கு என்ற அட்டவணை. ஓடும்போது அட்டவணையைப் பார்த்துக் கூப்பிடும். இப்போ கலந்து வைக்கலாம்.

பாட்டு, எபிசோட் ரெண்டு வகைதான், வேற வரவே வராதுன்னா ஈனம் போதும். வெளியாட்கள் புதுசு புதுசா சேர்ப்பாங்கன்னா டைன். எல்லாம் ஒரே வகைன்னா ஜெனரிக். தேர்வுத் தாள் விடை மாதிரி மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரே ப்ளேலிஸ்ட்டை மூணு விதமாவும் எழுதிப் பாருங்க. ஒரு மாலை நேரம் போதும்.

இது ஏன் முக்கியம்

நீங்க ஒரு லைப்ரரியை வெளியிட்டீங்கன்னு வைங்க. ஒரு பப்ளிக் ஃபங்ஷனில் புதுசா ஒரு பவுண்ட் சேர்த்தா, கார்கோவின் பதிப்பு விதிகள்படி அது பெரிய மாற்றம். ஏற்கெனவே பயன்படுத்தினவங்க கோட் உடையலாம். அதே ஃபங்ஷனில் இருந்து ஒரு பவுண்டை எடுத்தா அது சின்ன மாற்றம். விளம்பரத்தில் தகுதியைக் குறைத்தால் யாருக்கும் வேலை போகாது, கூட்டினால் போகும்.

இதைக் கேட்டதும் சிலர், "அப்போ ஆரம்பத்துலயே அதிகமா கேட்டு வெச்சுக்கறது பாதுகாப்பு இல்லையா?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. உள்ளே இருக்கிற முறையை நாளைக்கு மாத்த வேண்டி வரும்னு நிஜமாவே தெரிஞ்சா, தெரிஞ்சே ஒரு பவுண்டைக் கூடுதலா கேட்கலாம். அது திட்டம். ஏன் இருக்குன்னே தெரியாம அஞ்சு பவுண்ட் வரிசையா நிக்கிறது திட்டம் இல்லை. ஒவ்வொரு பவுண்டுக்கும் "இது எதுக்கு?"ன்னு கேட்டா ஒரு வாக்கியத்துல பதில் சொல்லத் தெரியணும். கோட் ரிவ்யூவிலும் இன்டர்வியூவிலும் அந்தப் பதிலைத்தான் கேட்பாங்க, ஏஐ எழுதிக் கொடுத்த வரிக்கும் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

இந்த வாரத்துக்கு நாலு பயிற்சி

ஒண்ணு. நீங்க எழுதின, இல்லைன்னா எங்கேயோ இருந்து எடுத்த ஒரு ஜெனரிக் ஃபங்ஷனில் எல்லா பவுண்டையும் அழிங்க. கம்பைலர் கேட்கிறதை மட்டும் ஒவ்வொண்ணா திருப்பிச் சேருங்க. கேட்கப்படாம எது மிஞ்சுதோ, அது தேவையில்லாம கேட்டது.

ரெண்டு. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் சிக்னேச்சர்களைச் சத்தமா, தமிழ்ல வாசிங்க. வெக்டரில் புஷ்: "எதை வேணா கொடு, எதுவும் கேட்க மாட்டேன்." கன்டெய்ன்ஸ்: "சமமான்னு பார்க்க முடிஞ்சா போதும்." இதுக்கு ஈக்யூ வேண்டாம், பார்ஷியல்ஈக்யூ போதும், அதனால தசம எண்ணோடயும் வேலை செய்யும். சார்ட்: "முழு வரிசை வேணும்", அதாவது ஆர்ட். த்ரெட் ஸ்பான்: "ஒரு தடவை கூப்பிட முடியணும், இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்ப முடியணும், குறுகிய காலத்துக்கு இரவல் வாங்கின எதையும் உள்ளே வெச்சிருக்கக் கூடாது." கடைசியா ட்ராப் ஃபங்ஷனைப் பாருங்க. எந்த டைப்பையும் வாங்கும், பவுண்ட் கிடையாது, உள்ளே ஒரு வரிகூடக் கிடையாது. பொருளை வாங்கிக்கிட்டு முடிஞ்சிடும், ஓனர்ஷிப் போனதால பொருள் அழியும். கோட் எழுதாமலேயே முடிகிற வேலை.

மூணு. பாடியை மறைச்சு வெச்சுட்டு சிக்னேச்சரை மட்டும் பார்த்து, உள்ளே என்ன நடக்க முடியும்னு யூகிங்க. பவுண்டே இல்லாம ஒரு டி வாங்கி ஒரு டி திருப்பித் தர்ற ஃபங்ஷன் என்ன செய்யும்? ஒழுங்கா முடிஞ்சு பதில் தருதுன்னா, வாங்கினதையே திருப்பித் தர்றதைத் தவிர அதால வேற எதுவும் தர முடியாது. புது டி-யை உருவாக்க அதுக்கு வழி தெரியாது. குறைவா கேட்கிற ஃபங்ஷனைப் படிக்கிறவருக்கு அதிகமா தெரியும். குறைவா கேட்கறதோட பெரிய லாபம் இதுதான்.

நாலு, கொஞ்சம் கஷ்டமானது. நீளம் டிரெய்ட்டை எழுதி, வெக்டருக்கான அந்த இம்ப்ல்லை எழுதி, பாக்ஸ் போட்ட டைன் நீளம் கலந்த ஒரு வெக்டரிடம் மொத்த நீளம் கேளுங்க. கம்பைலர் மறுக்கும். அதுல எந்தக் கண்ணி விட்டுப் போச்சு, வெக்டருக்கு எழுதின மாதிரி இன்னும் எதுக்கு ஒரு இம்ப்ல் எழுதணும்னு கண்டுபிடிங்க. எழுதும்போது சைஸ்ட் என்ற ஒரு பேரைச் சந்திப்பீங்க. நீங்க கேட்காமலே எல்லா டி மேலயும் ரஸ்ட் மறைவா போட்டு வெச்சிருக்கிற ஒரே பவுண்ட் அது. அதைத் தளர்த்தணும்னா முன்னாடி ஒரு கேள்விக்குறி போடணும்.

ஜெனரிக்ஸ், டிரெய்ட் பழக ரஸ்ட்லிங்ஸ் பயிற்சித் தொகுப்பிலும் தனித்தனிப் பகுதி இருக்கு, இலவசம், அவசியம் செய்யுங்க. ஆனா அங்கே எந்த இடத்துல ஜெனரிக் வேணும்னு கேள்வி எழுதினவர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார். அந்த முடிவை நீங்களே எடுக்கப் பழகத்தான் இந்த நாலும்.

நாலாவதை முடிச்சவங்க விடையை கமென்ட்ல போடுங்க, ஏன் அந்த பவுண்ட்னு ஒரு வாக்கியமும் சேர்த்து. ரெஃபரன்ஸையே சாவியா வெச்சப்போ "பட்டியல் உயிரோட இருக்கிற வரைக்கும்"னு சொன்னேன் இல்லையா, அந்த வார்த்தைக்குப் பின்னாடி இருக்கிற லைஃப்டைமை அடுத்த எபிசோடில் பார்க்கலாம். அதுவரைக்கும், உங்க கோடில் டி-க்குப் பக்கத்துல நிக்கிற ஒவ்வொரு பேரையும் ஒரு தடவை விசாரிச்சுட்டு வாங்க.